ஆழம் பார்க்கும் கேமரா

விருத்தாசலத்து மணிமுத்தாற்றில் போட்ட பொன்னைத் திருவாரூர்க் கமலாலயத்தில் எடுத்தார் சுந்தரர். ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடிய இந்தக் கதை விருத்தாசலத்துக்காரர் எல்லோருக்கும் தெரியும். பன்னிரண்டாயிரம் பொன்னையும் ஆற்றில் விடுவதற்கு முன் அவர் செய்த ஒரு காரியத்தைத்தான் பலரும் கவனிப்பதில்லை. அதிலிருந்து ஒரு துண்டை மச்சமாக வெட்டி வைத்துக்கொண்டார் என்கிறது பெரியபுராணம். குளத்தில் கிடைத்த பொன்னை அந்த மச்சத்தோடு உரைத்துப் பார்த்திருக்கிறார்கள். மாற்று குறைந்திருந்தது. மறுபடி பாடி, மாற்றுச் சரியான பிறகே ஏற்றுக்கொண்டாராம். இறைவன் கொடுத்த பொன்னுக்கே சாம்பிள் வைத்துச் சரிபார்த்தவர்!

அதே விருத்தாசலத்துப் பழமலைநாதர் கோயிலின் அர்த்தநாரீஸ்வரர் கற்சிலை காணாமல்போனபோது இப்படி ஒரு மச்சம் இருந்தது ஊர் செய்த புண்ணியம். சிட்னியில் இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடம் 2004-இல் அந்தச் சிலையை நியூயார்க் கலைப்பொருள் வியாபாரி சுபாஷ் கபூரிடம் விலைகொடுத்து வாங்கியிருந்தது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் பல பத்தாண்டுகளுக்கு முன்பே தமிழகக் கோயில்களைச் சுற்றி லட்சத்துக்கு மேற்பட்ட புகைப்படங்கள் எடுத்து வைத்திருக்கிறது. கோஷ்டத்தில் நின்ற சிலையின் பழைய படத்தையும் சிட்னியில் நின்ற சிலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது இரண்டும் ஒன்று என்பதில் ஐயம் எழவில்லை. 2014 செப்டம்பரில் டெல்லி வந்த ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட், இதேபோல் களவுபோயிருந்த ஸ்ரீபுரந்தான் நடராஜர் சிலையோடு இந்தச் சிலையையும் பிரதமர் மோடியிடம் ஒப்படைத்தார். இதே கோயிலிலிருந்து போன இன்னொரு கற்சிலையான பிரத்யங்கிராவை கான்பெர்ராவில் உள்ள ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2005-இல் வாங்கியிருந்தது. அது 2016-இல் திரும்பியது.

யாரோ என்றோ எடுத்த ஒரு கறுப்பு வெள்ளைப் படம் கடல் கடந்து ஒரு சிலையை மீட்டுக்கொடுத்தது. ஆனால் புகைப்படம் முன்பக்கத்தை மட்டும்தான் சொல்லும். மூக்கு எவ்வளவு எடுப்பு, இடுப்பு எவ்வளவு ஒடுக்கம், முதுகில் உளி விட்ட தடம் எப்படி என்பதெல்லாம் அதில் கிடையாது. சிலையின் எல்லாப் பக்கங்களையும் ஆழத்தோடு பதிவுசெய்கிற முப்பரிமாணப் படம் இருந்தால், போலிச் சிலை செய்து மாற்றி வைக்கிறவனையும் அது காட்டிக்கொடுத்துவிடும்.

விருத்தாசலத்துக்கு முப்பரிமாணப் படம் தேவைப்படுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அது பீங்கான்.

சுருங்குகிற மண்

அருகிலேயே நெய்வேலி. பழுப்பு நிலக்கரியின் மேல் படர்ந்த மண்ணடுக்கில் வெள்ளைக் களிமண்ணும் கிடைக்கிற பூமி. அந்த மண்ணை நம்பித்தான் விருத்தாசலத்தில் செராமிக் தொழிற்பேட்டை வந்தது. பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கிற அரசுக் கல்லூரியும் இங்கே இருக்கிறது. கொலு பொம்மை, அகல் விளக்கு, ஊறுகாய் ஜாடி, மின்சார ஃபியூஸ் கட்டை, இன்சுலேட்டர் எனச் சிறு பட்டறைகள் செய்து அனுப்பும் பொருள்கள் பலவகை. குஜராத்தின் மோர்பியில் டைல்ஸ் ஆலைகள் கிலோமீட்டர் கணக்கில் நீண்டு கிடக்கின்றன. விருத்தாசலத்தின் அளவு அதுவல்ல. இங்கே அச்சும் கைவேலையும்தான் முதல்.

பொம்மை பிறக்கும் முறை எளிது போலத் தோன்றும். சிற்பி ஒரு மூல மாதிரி செய்கிறார். அதன்மேல் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஊற்றி, இரண்டு மூன்று துண்டுகளாகக் கழற்றக்கூடிய அச்சு எடுக்கிறார்கள். அச்சுக்குள் களிமண் கூழை ஊற்றினால் பிளாஸ்டர் தண்ணீரைக் குடிக்கும். சுவரோரம் மண் தோல்போலக் கட்டிக்கொள்ளும். மிச்சக் கூழைக் கவிழ்த்து, காயவிட்டு, அச்சைப் பிரித்தால் உள்ளே பொம்மை. பிறகு பிசிறு தட்டி, காயவைத்து, சூளையில் சுட்டு, கிளேஸ் பூசி, மறுபடி சுடுவார்கள்.

சிக்கல் எல்லாம் சூளைக்குள்தான் இருக்கிறது. காயும்போது கொஞ்சம், சுடும்போது மீதி என்று மண் சுருங்கிக்கொண்டே போகும். நீளத்தில் 12 சதவீதம் சுருங்குகிற மண் என்று வைத்துக்கொண்டால், 100 மில்லிமீட்டர் உயரப் பொருள் வேண்டுமானால் அச்சு சுமார் 114 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். கொள்ளளவில் பார்த்தால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு காணாமல் போய்விடுகிறது. அதுவும் எல்லாப் பக்கமும் ஒரே சீராகச் சுருங்கிவிட்டால் கவலை இல்லை. தடித்த இடம் ஒரு விதம், மெல்லிய இடம் ஒரு விதம். தன் பாரம் தாங்காமல் கொஞ்சம் சாய்வு. பிள்ளையார் துதிக்கை ஓரம் கோணினால் யாரும் கேட்கப் போவதில்லை. இன்சுலேட்டரின் விளிம்பு கோணினால் சரக்கு திரும்பி வரும்.

இந்தக் கோணலை இன்று அளப்பது வெர்னியர் காலிப்பரும் அனுபவக் கண்ணும். மூல மாதிரி உடைந்துபோனால் டிசைனும் போச்சு. பிளாஸ்டர் அச்சோ சில பத்து வார்ப்புகளில் மழுங்க ஆரம்பித்துவிடும். ஒரு அடிப் பொம்மையை அரை அடியில் வேண்டும் என்று ஆர்டர் வந்தால் சிற்பி முதலிலிருந்து தொடங்க வேண்டும். மாதிரி கம்ப்யூட்டருக்குள் முப்பரிமாணமாக ஏறிவிட்டால் பெரிதாக்குவதும் சிறிதாக்குவதும் சுருக்கத்துக்கு இடம்விட்டு அச்சு வெட்டுவதும் ஒரு எண்ணை மாற்றுகிற வேலை. சுடுவதற்கு முன் ஒரு படம், சுட்ட பின் ஒரு படம் எடுத்து ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் எங்கே கோணியது என்று வண்ணத்திலேயே தெரியும்.

புகைப்படத்திலிருந்து களிமண் உருவம் செய்யும் ஆசை புதிதும் அல்ல. பாரிஸில் பிரான்சுவா வில்லெம் என்ற சிற்பி 1860-இலேயே அதற்குக் காப்புரிமை வாங்கினார். வட்டமான அறை, சுற்றிலும் 24 கேமராக்கள், நடுவில் ஆள். 15 பாகைக்கு ஒரு படம். ஒவ்வொரு படத்தின் வெளிக்கோட்டையும் திரையில் பாய்ச்சி, பான்டோகிராஃப் என்ற கருவியால் அந்தக் கோட்டைப் பின்பற்றிக் களிமண்ணைச் செதுக்கினார்கள். பாரிஸ் கொண்டாடியது, சில ஆண்டுகளிலேயே ஸ்டூடியோவை மூடவும் வேண்டியதாயிற்று. செலவு கட்டுப்படியாகவில்லை.

ரயில் ஜன்னலில் தெரியும் ஆழம்

விருத்தாசலம் ஜங்ஷனில் கடலூர் வண்டி ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தவர்கள் பார்த்திருப்பார்கள். தண்டவாளத்தை ஒட்டிய முந்திரி மரம் விர்ரென்று பின்னால் ஓடும். நடுவயலில் நிற்கிற பனை நிதானமாக நகரும். தொலைவில் நெய்வேலி அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி வெகுநேரம் கூடவே வரும். பார்க்கிற இடம் மாறும்போது ஒரு பொருள் எவ்வளவு நகர்கிறது என்பதே அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதற்குக் கணக்கு. இரண்டு கண்ணால் நாம் ஆழம் அறிவதும், இரட்டைக் கேமரா ஆழம் அறிவதும் இந்தக் கணக்கால்தான்.

ஒரே கேமரா, ஒரே கிளிக். இதில் இந்தக் கணக்கைப் போட முடியுமா? 1908-இல் பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் முன் காப்ரியேல் லிப்மன் இதற்கொரு யோசனையை வைத்தார். அதே ஆண்டு வண்ணப் புகைப்படத்துக்காக நோபல் பரிசு பெற்றவர் அவர். ஈயின் கண்ணைப் போல ஆயிரக்கணக்கான நுண்ணிய வில்லைகளைப் படச்சுருளின்மேல் பரப்பினால், ஒவ்வொரு வில்லையும் காட்சியைத் தன் இடத்திலிருந்து சிறிதாகப் பதிவுசெய்யும். எல்லாம் சேர்ந்தால் ஆழம் தெரியும் என்றார். அத்தனை நுட்பமான வில்லைகளைச் செய்ய அன்று வழியில்லை.

வழி பிறக்க ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு ஆனது. சாதாரணக் கேமராவின் சென்சாரில் ஒரு பிக்ஸல் செய்வது கூட்டல் வேலை. லென்ஸின் இடது ஓரம் வழியாக வந்த கதிர், வலது ஓரம் வழியாக வந்த கதிர், நடுவில் வந்தது, எல்லாவற்றையும் ஒரே எண்ணாகக் கூட்டிவிடும். எந்தக் கதிர் எந்தத் திசையிலிருந்து வந்தது என்ற விவரம் அத்தோடு போய்விடுகிறது. அந்த விவரத்தோடு சேர்ந்த முழு ஒளிக்குத்தான் ஒளிப்புலம் என்று பெயர். சென்சாருக்கு முன்னால் மெல்லிய நுண்வில்லைத் தகடு ஒன்றை வைத்தால், ஒவ்வொரு நுண்வில்லையும் தன்மேல் விழும் கதிர்களைத் திசைவாரியாகப் பிரித்து அடியிலுள்ள பிக்ஸல்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும். எல்லா நுண்வில்லைகளின் அடியிலும் இடது ஓரப் பிக்ஸலை மட்டும் பொறுக்கி அடுக்கினால் லென்ஸின் இடது ஓரத்திலிருந்து பார்த்த படம். வலது ஓரப் பிக்ஸலைப் பொறுக்கினால் வலதிலிருந்து பார்த்த படம். ஒரே கிளிக்கில் பல பத்துப் பார்வைகள். அவற்றுக்கிடையே எது எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பார்த்தால் ஆழம் கிடைத்துவிடும்.

எம்ஐடியில் எட்வர்ட் அடெல்சனும் ஜான் வாங்கும் 1992-இல் இதைச் செய்து காட்டினார்கள். கையில் தூக்கிச் செல்கிற அளவுக்குச் சுருக்கியவர், ஸ்டான்ஃபோர்டில் அப்போது ஆராய்ச்சி மாணவராக இருந்த ரென் இங். 2005-இல் அவரும் அவருடைய குழுவும் செய்த கேமராவில் 1.6 கோடி பிக்ஸல் கொண்ட சென்சார் இருந்தது. நுண்வில்லைகள் 296-க்கு 296. கடைசியில் கிடைத்த படமும் அதே அளவுதான். ஒரு லட்சம் பிக்ஸல்கூட இல்லை. திசையைக் காப்பாற்றக் கொடுத்த விலை அது. இந்தத் தொழில்நுட்பத்தின் நோய் முழுவதும் இந்த ஒரு கணக்கில் அடக்கம்.

இங் தொடங்கிய லைட்ரோ நிறுவனம் 2012-இல் கடைக்குக் கேமராவைக் கொண்டுவந்தது. ஒரு முனையில் லென்ஸ், மறுமுனையில் குட்டித்திரை வைத்த நீளமான சதுரக் குழாய். விலை 399 டாலர்; அன்றைய மதிப்பில் சுமார் 20,000 ரூபாய். எடுத்த பிறகு ஃபோகஸை மாற்றிக்கொள்ளலாம் என்பது விளம்பரம். 1.1 கோடிக் கதிர்களைப் பிடிப்பதாகச் சொன்ன கேமரா கொடுத்த படம் ஒரு மெகாபிக்ஸலுக்குச் சற்று மேல். அதற்குள் எல்லோர் பையிலும் எட்டு மெகாபிக்ஸல் செல்போன் வந்துவிட்டிருந்தது. 2014-இல் வந்த இல்லம் என்ற பெரிய மாடலின் விலை 1,599 டாலர். 2018 மார்ச்சில் லைட்ரோ கடையைக் கட்டியது.

வில்லெமின் ஸ்டூடியோவைப் போல இதுவும் தோல்வி என்று எழுதிவிடுவது சுலபம். ஆனால் தோற்றது கடைச்சரக்குதான். ஜெர்மனியின் கீல் நகரில் உள்ள ரேட்ரிக்ஸ் நிறுவனம் ஒளிப்புலக் கேமராவைத் தொழிற்சாலைகளுக்கும் ஆய்வகங்களுக்கும் விற்கிறது. சாதாரணப் போன்களிலும் அந்த யோசனை சத்தமில்லாமல் குடியேறிவிட்டது. 2017-இல் கூகுள் பிக்ஸல் 2 போனில் ஒற்றைக் கேமராவை வைத்தே பின்னணியை மங்கலாக்கிக் காட்டினார்கள். அதன் சென்சாரில் ஒவ்வொரு பிக்ஸலும் இரண்டு பாதி. ஒரு பாதி லென்ஸின் இடப்புறத்தைப் பார்க்கும், மறுபாதி வலப்புறத்தை. இரண்டு பார்வைக்கும் இடையே சுமார் ஒரு மில்லிமீட்டர் தூரம். அதைக்கொண்டே ஆழம் கணித்தார்கள். இரண்டே பார்வை கொண்ட ஒளிப்புலக் கேமரா என்று அதைச் சொன்னால் தவறில்லை. அந்தக் குழுவில் இருந்தவர் மார்க் லெவாய். 1996-இல் பேட் ஹான்ரஹானுடன் ஒளிப்புலத்தைக் கணினி வரைகலைக்குள் கொண்டுவந்தவர். ரென் இங்கின் ஸ்டான்ஃபோர்டு குழுவிலும் இருந்த பேராசிரியர்.

எங்கே சறுக்கும்

ஒற்றை லென்ஸ் கேமராவின் எல்லை அதன் லென்ஸின் அகலம். இரண்டு பார்வைகளுக்கு இடையே எவ்வளவு தூரம் கிடைக்குமோ அதைப் பொறுத்துத்தான் ஆழத்தின் துல்லியம். பொருள் தள்ளிப்போகப் போகப் பிழை தூரத்தின் வர்க்கத்தில் ஏறும். 30 சென்டிமீட்டரில் இருக்கும் பொம்மையை மூன்று மீட்டருக்குத் தள்ளி வைத்தால் தூரம் பத்து மடங்கு, பிழை நூறு மடங்கு. மேஜைமேல் இருக்கிற ஃபியூஸ் கட்டைக்கு இந்தக் கேமரா பொருந்தும். கோபுரத்துச் சுதைக்குப் பொருந்தாது.

அடுத்தது பீங்கானுக்கே உரிய தொல்லை. முதல்முறை சுட்ட, கிளேஸ் பூசாத பொம்மை வெள்ளை வெளேரென்று இருக்கும். ஒரு பார்வையில் தெரிகிற புள்ளி அடுத்த பார்வையில் எங்கே போனது என்று தேடுவதுதான் எல்லா முறைக்கும் அடிப்படை. வெள்ளைப் பரப்பில் எந்தப் புள்ளியை அடையாளம் வைப்பது? கிளேஸ் பூசி வண்ணம் தீட்டிய பிறகு அடையாளம் கிடைக்கும். கூடவே பளபளப்பும் வந்துவிடும். பளபளப்பில் தெரிகிற வெளிச்சப் பொட்டு பொம்மைமேல் ஒட்டியிருப்பதில்லை. பார்க்கிறவர் நகர்ந்தால் அதுவும் வழுக்கிக்கொண்டே வரும். கணக்குப் போடும் மென்பொருள் ஏமாந்துபோய், கன்னம் இருக்க வேண்டிய இடத்தில் பள்ளம் போட்டு வைக்கும்.

இரண்டுக்கும் கைமருந்து உண்டு. வெள்ளைப் பொம்மைமேல் பழைய புரொஜெக்டரால் புள்ளிக்கோலம் ஒன்றைப் பாய்ச்சினால் போதும். இல்லாத அடையாளம் கிடைத்துவிடும். கேமராவையும் புரொஜெக்டரையும் அசைக்காமல் பொம்மையை மட்டும் திருப்பினால் கோலம் பொம்மையோடு திரும்பாது என்பதால், ஒவ்வொரு நிலையிலும் தனித்தனியாக அளந்து பின்னால் ஒட்டிக்கொள்ள வேண்டும். பளபளப்புக்கு, விளக்கின் முன் ஒரு போலராய்டு தாள், லென்ஸின் முன் அதற்குக் குறுக்காகத் திருப்பிய இன்னொன்று. வெளிச்சப் பொட்டு அணைந்துவிடும். பட்டறைப் பொம்மைக்கு டால்கம் பவுடர் தூவுவதும் வழக்கம். கோயில் சிலைக்குப் பவுடர் பக்கமே போகக்கூடாது. எண்ணெய்க் காப்பு ஏறிய கருங்கல்லுக்கும் போலராய்டுதான் சரி. ஐம்பொன் சிலைக்கு இந்த வித்தை பலிக்காது. உலோகத்திலிருந்து வருவது பெரும்பாலும் அந்தப் பளபளப்பு ஒளிதான் என்பதால் படம் இருண்டுவிடும்.

பொம்மை அசையாது

இங்கேதான் விருத்தாசலத்துக்கு ஒரு சாதகம். ஒரே கிளிக்கில் பல பார்வைகளைப் பிடிப்பது ஓடுகிற குழந்தைக்கும் பறக்கிற பூச்சிக்கும் தேவை. பொம்மை அசையாது. அர்த்தநாரீஸ்வரர் நின்ற இடத்தில் நிற்பார். அசையாத பொருளுக்கு நுண்வில்லைத் தகட்டின் வேலையைக் கைப்பேசியே செய்துவிடும். கையை நகர்த்தி நகர்த்திப் பல படம் எடுத்தால் ஆயிற்று. லென்ஸின் அகலம் என்ற எல்லையும் இதில் கிடையாது. பார்வைகளுக்கு இடையே ஒரு மில்லிமீட்டர் என்பது ஒரு முழமாகிவிடும்.

ஸ்டான்ஃபோர்டு ஆய்வகமே இப்படிச் செய்திருக்கிறது. உலகம் முழுவதும் ஆராய்ச்சியாளர்கள் இறக்கி வைத்துப் பயன்படுத்தும் அதன் ஒளிப்புலப் படத்தொகுப்பில் பல, குழந்தைகள் விளையாடும் லெகோ துண்டுகளும் லெகோ மோட்டாரும் கொண்டு கட்டிய சட்டத்தில் ஒரு கேமராவை நகர்த்தி எடுத்தவை. 17-க்கு 17 கட்டம், மொத்தம் 289 பார்வை. இதே லெவாய்தான் அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் இத்தாலியில் மிகெலாஞ்சலோவின் டேவிட் சிலையை லேசர் கருவி கொண்டு கால் மில்லிமீட்டர் நுட்பத்தில் அளந்தவர். அதற்காகவே செய்த கருவி, பெரிய குழு, மாதக்கணக்கில் வேலை. சிலையின் உயரம் புத்தகங்களில் எழுதியிருந்த 4.34 மீட்டர் அல்ல, 5.17 மீட்டர் என்று அப்போதுதான் தெரிந்தது. நூற்றாண்டுகளாக உலகமே பார்த்த சிலையின் உயரமே தவறாக இருந்திருக்கிறது. நம் ஊர்ச் சிலைகளைப் பற்றி என்ன சொல்ல!

படங்களைச் சேர்த்து உருவமாக்க இன்று மெஷ்ரூம், கோல்மேப் போன்ற மென்பொருள்கள் இலவசம். ஒரு பொம்மையை மேல், நடு, கீழ் என மூன்று உயரத்தில் சுற்றிவந்து அறுபது எழுபது படம் எடுத்து, கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கம்ப்யூட்டருக்குக் கொடுத்தால் உருவம் வந்துவிடும். பட்டறையில் வண்ணம் தீட்டப் பயன்படுகிற சுழல் மேஜையில் பொம்மையை வைத்துத் திருப்பியும் எடுக்கலாம். அப்போது பின்னால் வெற்றுத் துணி கட்டாயம். சுவரில் காலண்டர் தொங்கினால் மென்பொருள் பொம்மையை விட்டுவிட்டுக் காலண்டரைப் பிடித்துக்கொள்ளும்.

2020-இல் வந்த நெர்ஃப் என்ற முறை இதே வழியில் இன்னொரு படி. சில பத்துப் படங்களிலிருந்து, இதுவரை யாரும் நிற்காத இடத்திலிருந்து பார்த்தால் காட்சி எப்படி இருக்கும் என்பதை நரம்பு வலையமைப்பே கற்றுக்கொண்டு வரைந்து காட்டும். அந்த ஆய்வுக்கட்டுரையை எழுதிய ஆறு பேரில் ரவி ராமமூர்த்தியும் பிரதுல் ஸ்ரீனிவாசனும் உண்டு. கடைசிப் பெயர் ரென் இங். லைட்ரோ மூடினாலும் ஒளிப்புலம் அவரை விடவில்லை. 2023-இல் பிரான்சிலிருந்து வந்த காஸியன் ஸ்பிளாட்டிங் இதையே வேகமாகச் செய்கிறது. இவை காட்டும் காட்சி கண்ணைப் பறிக்கும். அச்சு வெட்டுவதற்கு அதை நம்பி இறங்கினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். கண்ணுக்கு அழகாக இருப்பது வேறு, பரப்பு மில்லிமீட்டர் பிசகாமல் இருப்பது வேறு. பட்டறைக்கு, படங்களைச் சேர்த்து உருவமாக்கும் பழைய புகைப்பட அளவியலே நல்லது. கோயிலைச் சுற்றிக் காட்டுவதற்குப் புதியவை நல்லவை.

சென்னையில் இருக்கும் கணக்கு

இந்தத் துறைக்கு ஆள் தேடி அமெரிக்கா போக வேண்டியதில்லை. சென்னை ஐஐடியில் கௌசிக் மித்ராவின் கணிப்புப் படவியல் ஆய்வகம் ஒளிப்புலத்திலேயே வேலை செய்கிறது. ஒற்றைக் கேமராவில் எடுத்த சாதாரண வீடியோவிலிருந்தே ஒளிப்புல வீடியோவைக் கணித்து உருவாக்கும் ஆய்வை அந்தக் குழு 2022-இல் வெளியிட்டது. விலையுயர்ந்த கண்ணாடிக்குப் பதில் கணக்கை வைப்பதுதான் அவர்கள் போகிற வழி. படத்தில் மங்கல் எவ்வளவு என்று பார்த்தே ஆழத்தைச் சொல்லும் முறை பற்றி சுபாசிஸ் சௌதுரியும் ஏ.என். ராஜகோபாலனும் எழுதிய நூல் 1999-இல் வந்தது. ராஜகோபாலனும் சென்னை ஐஐடி பேராசிரியர்.

அங்கே பி.டெக். படித்த அசோக் வீரராகவன், 2007-இல் ரமேஷ் ராஸ்கர் முதலானவர்களோடு சேர்ந்து நுண்வில்லைத் தகடே இல்லாத ஒளிப்புலக் கேமராவைச் செய்தார். சென்சாருக்கு முன்னால் கோலம் அச்சிட்ட ஒரு பிலிம் துண்டு, அவ்வளவுதான். கதிர்களைப் பிரிக்கும் வேலையைக் கணக்கு பார்த்துக்கொண்டது. பிலிம் வெளிச்சத்தில் ஒரு பங்கை விழுங்கிவிடும் என்பது குறை. கண்ணாடி வில்லைத் தகட்டோடு ஒப்பிட்டால் பிலிமின் செலவு ஒன்றுமே இல்லை என்பது நிறை.

இத்தனை இருந்தும் சென்னைக்கும் விருத்தாசலத்துக்கும் இடையே இந்த அறிவு வண்டி ஏறுவதில்லை. ஆய்வுக்கட்டுரைகளில் சோதனைப் பொருளாக வருவது யாரோ வெளிநாட்டில் எடுத்த பொம்மைப் படங்கள். பளபளப்பும் வெள்ளையுமாக, இந்தத் துறைக்கே மிகக் கடினமான பொருளை ஆயிரக்கணக்கில் செய்து குவிக்கிற ஊர் ரயிலில் சில மணி நேரத் தூரத்தில் இருக்கிறது. ஆய்வாளருக்கும் பட்டறைக்காரருக்கும் ஒருவரால் ஒருவருக்கு லாபம்.

தனிப் பட்டறை எதுவும் ஸ்கேனர் வாங்கத் தேவையில்லை. ஒளிப்புலக் கேமராவும் வேண்டாம். அது கன்வேயரில் ஓடுகிற சரக்கைக் கண்காணிக்கும் ஆலைக்கு ஏற்றது. பீங்கான் கல்லூரியில் ஒரு அறை, ஒரு நல்ல கம்ப்யூட்டர், ஒரு புரொஜெக்டர், சுழல் மேஜை, போலராய்டு தாள், பிளாஸ்டர் வெட்டுகிற சிறிய சிஎன்சி இயந்திரம். இத்தனை போதும். மாணவர்களுக்குப் பாடமாகவும் ஆகும், பட்டறைகளுக்குப் பொதுச் சேவையாகவும் ஆகும். முதல் வேலையாக, ஊரில் மிஞ்சியிருக்கும் பழைய மூல மாதிரிகளை எல்லாம் ஏற்றி வைக்கலாம்.

ஒரு ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். நகல் எடுப்பது எளிதானால் திருட்டு நகலும் எளிதாகும். ஒருவர் மாதக்கணக்கில் செய்த கொலு செட்டை, பக்கத்துத் தெருக்காரர் ஒரு பொம்மை வாங்கி ஒரு மாலையில் ஏற்றிவிடலாம். 2000-ஆம் ஆண்டின் டிசைன் சட்டப்படி புதிய வடிவத்தைப் பதிவுசெய்தால் முதலில் 10 ஆண்டு, நீட்டித்தால் மேலும் 5 ஆண்டு பாதுகாப்பு உண்டு. சந்தைக்கு விடுவதற்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும் என்பது முக்கியம். கோயில் சிலைகளின் முப்பரிமாணப் பதிவை எல்லோரும் இறக்கிக்கொள்ளும்படி இணையத்தில் போட்டுவிடுவதும் புத்திசாலித்தனம் அல்ல. போலி செய்கிறவனுக்கு அதைவிட நல்ல அச்சு கிடைக்காது. நுட்பமான பதிவு அறநிலையத் துறையிடமும் சிலைக்கடத்தல் தடுப்புப் பிரிவிடமும் இருக்கட்டும். பொதுமக்களுக்குக் காட்சி மட்டும் போதும்.

கருவறைக்குள் கேமராவுக்கு அனுமதியில்லை, இருக்கவும் வேண்டாம். களவுபோனது கோஷ்டத்தில், வெளிச்சத்தில், எல்லோரும் சுற்றிவருகிற இடத்தில் நின்ற சிலை. வெளிப்பிராகாரத்துக் கற்சிலைகளை முறையான அனுமதியோடு ஒரு கல்லூரி மாணவர் குழு கைப்பேசியிலேயே பதிவுசெய்துவிட முடியும்.

எடுக்கப் போகிறவர்கள் ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. புகைப்படங்களிலிருந்து கட்டிய உருவத்துக்குத் தன் அளவு தெரியாது. ஒரு அடிப் பொம்மையும் பத்தடிச் சிலையும் கம்ப்யூட்டருக்கு ஒன்றுதான். படம் எடுக்கும்போது பொருளின் பக்கத்தில் ஒரு ஸ்டீல் ஸ்கேலை வைத்துவிடுங்கள்.